போத்தலுக்குள் ஒரு தோட்டம்

அடுக்குமாடி வீடுகளில் வளரும் எமது பிள்ளைகளுக்கு மண்ணைத் தொடும் வாய்ப்பே அரிதாகிவிட்டது. வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்று இருந்தால் அக்குறையை ஓரளவு போக்கலாம் என்பது எமது கருத்து.

1829இல் இலண்டன் மருத்துவர் நதானியல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் ஒரு போத்தலில் இட்டு மூடிவைத்தார். அம்மண்ணிற் பன்னச் செடியொன்று தானாகவே முளைத்தது. 1876இல் கியூ தாவரப் பூங்காவிலிருந்து இலங்கைக்கு இரப்பர் நாற்றுகள் கடல் கடந்து சென்றது, இதன்வழி அவர் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டிகளிலேதான்.

அடியிற் கூழாங்கல், மேலே சிறிது மரக்கரி, பின்னர் மண். சிறு பன்னமும் பாசியும் நட்டு மூடிவிடலாம். (கள்ளி வேண்டாம், அதற்கு ஈரக்காற்று ஆகாது.) இலைகள் விடும் நீராவி கண்ணாடியிற் படிந்து மண்ணுக்கே திரும்பும். ஆதலால் நாள்தோறும் நீரூற்றினால் வேர் அழுகும். உட்புறம் எந்நேரமும் நீர்த்துளிகளால் மறைந்திருப்பின் மூடியைச் சில மணிநேரம் திறந்து வையுங்கள். நேர்வெயிலில் வைத்தாற் செடி வெந்துவிடும்.

பெற்றோரே, பிள்ளை உறங்கியபின் இரக்கப்பட்டு நீங்கள் நீரூற்றாதீர்கள். பூஞ்சணம் பிடித்தாலும் அதைக் கண்டு அகற்றுவது பிள்ளையின் பொறுப்பாகவே இருக்கட்டும். ஒரு செடி பட்டுப்போனால் வேறொன்று நடலாம். வாரந்தோறும் கண்டதைத் தமிழில் இரண்டு வரி எழுதி வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆவியாதல், ஒடுங்குதல் என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்விப்பதிலும் இது மேலானது.