வீடு பார்க்கப் போகிறீர்களா? விடியற்காலையில் போங்கள்!

“அக்கா, பட்டணத்துக்கே போயிடறதுன்னு முடிவாயிடுச்சு. எந்தப் பக்கம் வீடு பாக்கலாம்னு நீதான் சொல்லணும்.”

போன வருஷம் பங்குனி மாதம். பழவேற்காட்டிலிருந்து என் தங்கை போனில் இப்படிச் சொன்னதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகையில் பக்கம் பக்கமாக யோசனை சொல்கிறவளாயிற்றே! சொந்தத் தங்கைக்குச் சொல்லத் தெரியாதா? உடனே சொல்லிவிட்டேன். அந்த யோசனையால் அவள் பட்ட பாட்டைத்தான் இந்த இதழில் எழுதப் போகிறேன். வேர்க்குருவுக்கு மருந்து கேட்டு எழுதியிருக்கும் சகோதரிகள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டுக் குப்பங்களில் பிறந்தவர்களுக்கு ஊரை விட்டுப் போவது லேசான காரியமில்லை. ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாள் சுத்துவலை கட்டலாம் என்று ஊர் கூடிப் பங்கிட்டுக்கொள்வார்கள். கல்யாணமான ஆம்பிளைக்குத் தலைக்கட்டு என்று பேர். தலைக்கட்டு இருந்தால்தான் பாட்டில் பங்கு. ஊரோடு இருந்து வரி கட்டுகிறவரைக்கும் அது நம்முடையது. தங்கை வீட்டுக்காரர் அந்தத் தலைக்கட்டில் ஒருவர். ஆனால் பங்கு இருந்து என்ன? முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் வராது. ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகக்கூடாது. புயல் எச்சரிக்கை என்றால் அன்றைக்கும் அடுப்பு புகையாது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இறால் வரும் வரும் என்று காத்திருப்பது? வடசென்னையில் ஒரு சரக்குக் கிடங்கில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் சேர்ந்துவிட்டார்.

ஊரை விட்டுக் கிளம்புவது அங்கே புதிதுமில்லை. 1613-ல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களே 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ராக்கெட் தளம் வந்தபோது அங்கிருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஏரியின் இந்தக் கரைக்கு வந்து குப்பம் போட்டார்கள். அவர்களுக்கு ‘எந்த ஏரியா’ என்று யோசிக்கிற சுதந்திரம் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது. அதைத்தான் நான் கோட்டை விட்டேன்.

நான் கணக்குப் போட்ட விதம் இது. காசிமேட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒண்டுக் குடித்தனம். பெரியவள் எட்டாம் வகுப்பு, படிக்க ஒரு மூலை வேண்டாமா? எண்ணூர் வேலைக்குக் கிட்டே, ஆனால் 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரம் பூராவும் பரவியது. அதே மாதம் 26-ந் தேதி ராத்திரி, ஒரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். சின்னவனுக்கு நாலு வயசு, அடிக்கடி இழுப்பு வரும். ஆகவே எண்ணூர் வேண்டாம். மிச்சம் திருவொற்றியூர். 2011-லிருந்து மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. 2021-ல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. கோயில், கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி எல்லாம் கைக்கெட்டும் தூரம். “திருவொற்றியூரே பார்” என்றேன்.

பார்த்தோம். ரயில்வே லைனுக்கு மேற்கே, மாடியில் இரண்டு அறை, சமையலறையில் குழாய். சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். ஜன்னலைத் திறந்ததும் கடற்காற்று ஜிலுஜிலு என்று வந்தது. “ஊர்லே இருக்காப்பலேயே இருக்குக்கா!” என்றாள் தங்கை. அங்கேயே ஐம்பதாயிரம் முன்பணம் பேசி முடித்துவிட்டோம்.

சகோதரிகளே, நாங்கள் காற்றைப் பார்த்து வலை போடுகிற வீட்டில் பிறந்தவர்கள். சாயங்காலம் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்று, ராத்திரியானால் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பிவிடும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதை நம்பித்தானே விடியுமுன் தோணி விட்டார்கள்! திருவொற்றியூருக்கு நேர் மேற்கே மணலி. சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் இருக்கிற இடம். சாயங்காலம் மணலிக்குப் போகிற காற்று, ராத்திரி மணலியிலிருந்து வரும். இதை நான் யோசித்தேனா? இல்லை. ஏரிக்கரையில் தெரிந்த விஷயம் பட்டணத்து மாடியில் ஏறியதும் மறந்துவிட்டது.

வைகாசிக் கடைசியில் குடி போனார்கள். ஆனி பிறந்ததும் மேல்காற்று வலுத்தது. ஆடியில் கேட்கவே வேண்டாம், ராத்திரி மட்டும் வந்த வாடை பகலிலும் வர ஆரம்பித்தது. சில நாள் முட்டை அழுகின நாற்றம், சில நாள் மண்ணெண்ணெய் மாதிரி. சின்னவன் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இழுப்பான். அவன் அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். தங்கை பெரியவளைத் தனியாக விட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேடி ஓடுவாள். இரண்டு மாதத்தில் நாலு தடவை!

நியாயமாகச் சொல்ல வேண்டும். இழுப்புக்கு அந்தக் காற்று ஒன்றுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. சுவரில் ஓதம், ராத்திரி பூரா எரிகிற கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, இதெல்லாமும் சேர்ந்துதான் என்றார். கொசுவர்த்தியை நிறுத்தி வலை கட்டச் சொன்னார். இன்ஹேலரை ஒரு குழாயோடு சேர்த்துக் கொடுத்தார். அதை வாங்கி வந்து தங்கை பீரோ மேலே வைத்துவிட்டாள், பழக்கமாகிவிடுமாம்! எத்தனை தாய்மார்கள் இப்படி நினைக்கிறார்கள் தெரியுமா? அது பழக்கமாகிற மருந்தில்லை. மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால் மிகக் கொஞ்சமாகக் கொடுத்தாலே போதும். டாக்டர் சொன்னபடி விடாமல் கொடுத்த பிறகுதான் பிள்ளைக்கு ராத்திரித் தூக்கம் வந்தது.

ஆனால் வீட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது. முன்பணத்தில் பெயிண்ட் அடிக்க, ‘சொல்லாமல் காலி செய்ததற்கு’ என்று பதினெட்டாயிரம் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை, கேட்க முடியவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எட்டாயிரம் வாடகைக்கு நாங்கள் ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்கவில்லை. இந்த அழகில் நான் யோசனை சொல்கிறவள்!

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டோம். ரயில் பாதையோடு வடக்கே நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி என்று ஊர் ஊராக இறங்கினோம்.

மீஞ்சூர் எனக்குப் பிடித்திருந்தது. வேலைக்கும் தூரமில்லை, கடைத்தெருவும் நல்ல கடைத்தெரு. தங்கைதான் ஒரு காரியம் செய்தாள். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு சொம்பு போர் தண்ணீர் வாங்கி வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது நம்ம ஏரித் தண்ணிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி” என்றாள்! வாஸ்தவம்தான். சென்னைக்குத் தண்ணீர் அனுப்புவதற்காக அந்தப் பக்கத்துப் பூமியிலிருந்து பல்லாண்டு இறைத்து இறைத்து, நல்ல தண்ணீர் இருந்த இடத்தில் கடல் தண்ணீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். ஊர்ப் பேரை வைத்து அதை மீஞ்சூர் ஆலை என்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் சென்னைக்கு என்று எடுப்பது. ஆகவே ‘தண்ணி வசதி உண்டு’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். எது குடிக்க, எது புழங்க, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று பிரித்துக் கேளுங்கள். ஒரு பாட்டில் எடுத்து வந்து அதில் துவரம்பருப்பை வேக வையுங்கள். உப்பும் கடினமும் இருந்தால் பருப்பு குழையாது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டபோது சென்னையில் குடத்தோடு நின்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

(மீஞ்சூர்ச் சகோதரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருக்களும் அங்கே உண்டு. எங்களுக்கு அகப்பட்ட வீடு அப்படி.)

அப்புறம் வெள்ளம். இதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. “எங்க தெருவுல தண்ணியே நிக்காதுங்க” என்பார். தெருமுனைப் பெட்டிக்கடை, இஸ்திரி போடுகிறவர், கீரைக்கார அம்மா, இவர்களைக் கேளுங்கள். “2015-லே எதுவரைக்கும் வந்துச்சு? 2023 புயல்லே?” என்று வருஷத்தைச் சொல்லிக் கேட்டால் கையால் அளந்து காட்டுவார்கள். சுவரின் கீழ்ப்பாகத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலும், மீட்டர் பெட்டியைத் தோளுயரத்துக்கு மாற்றி வைத்திருந்தாலும் உஷாராகுங்கள். பொன்னேரியில் ஆரணி ஆறு ஓடுகிறது. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் இந்த வழியாகத்தான் பழவேற்காடு ஏரிக்கு வர வேண்டும். ஆற்றுக்குக் கிட்டே சல்லிசாக ஒரு வீடு கிடைத்தது. கீரைக்கார அம்மா இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள். வந்துவிட்டோம்.

கடைசியில் பொன்னேரியிலேயே, ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு வீடு அமைந்தது. இந்தத் தடவை மூன்று வேளை போனோம். ஒரு நாள் ராத்திரி ஒன்பதுக்கு, ஒரு நாள் நல்ல மழையில், ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்கு வாசலில் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்த எங்களைத் தெரு நாய் மட்டுமல்ல, பால்காரரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்! வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு. மூன்று மாத முன்பணம், எழுத்தில். மீட்டர் அளவையும் சுவரில் இருந்த விரிசலையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம்.

நஷ்டமும் இல்லாமலில்லை. அவருக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி ரயிலில் போகிறது. எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் அதற்கும் மேல். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டிலேயே தூங்குகிறார். சிநேகிதிகள் “சிட்டிக்குப் போறேன்னுட்டு பொன்னேரியில நின்னுட்டியா?” என்று கேலி செய்தார்களாம். தங்கைக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. எனக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பெரியவளோடு நின்று எடுத்துக்கொண்ட போட்டோ இன்னும் அவள் போனில் முகப்புப் படமாக இருக்கிறது.

பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் நடுவில் மாற்றியதில் சிரமம்தான். மாற்றுச் சான்றிதழுக்கே இரண்டு நடை. உங்களுக்குச் சொல்கிறேன்: முடிந்தால் சித்திரை, வைகாசியில் குடி மாறுங்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பாத்திர மூட்டைக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் விலாசம் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இவளிடம் நான் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன். பொன்னேரியில் அரசுக் கல்லூரி இருக்கிறது, மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. அதற்குப் படிக்கப் பழவேற்காட்டுப் பெண்ணை விடத் தகுதியானவள் யார்? “மறுபடியும் மீனா!” என்கிறாள் அவள்.

சின்னவனுக்கு மார்கழிப் பனியில் ஒரு தடவை இழுத்தது. அதற்கப்புறம் இதை எழுதுகிறவரைக்கும் இல்லை.

தங்கையின் மாமியார் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். “நான் வந்துட்டா தலைக்கட்டு வரியை யார் கட்டறது? பாடு சொல்றப்போ நம்ம பேரைக் கூப்பிட்டா யார் ‘இருக்கோம்’னு சொல்றது?” என்று கேட்கிறார். மகன் லீவு நாளில் வந்து சுத்துவலை கட்டினால் போதுமாம், ஊரில் அதற்குப் பேசி வைத்திருக்கிறாராம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி பதினெட்டு கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை தோறும் காலை பஸ்ஸில் ஒரு தூக்குவாளியில் நண்டோடு வந்து இறங்குகிறார். வந்ததும் வராததுமாகச் சின்னவனின் முதுகில் காதை வைத்துக் கேட்கிறார். பிறகுதான் நண்டைக் கழுவ உட்காருகிறார்.