சவுக்கு விதைக்கு நெல் இயந்திரம்

காலை நடையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரைப் பார்த்தேன். நாற்றங்காலுக்கு விதை சுத்தம் செய்யும் இயந்திரம் வாங்க ஏற்பாடு நடக்கிறதாம். "இப்ப எல்லாம் ஜெம்-ல தான் முசே. நம்ம காலம் மாதிரி இல்ல, தப்பு நடக்க வழியே இல்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் காலத்திலும் தப்பு நடக்கவில்லை. ஃபைலில் ஒரு கமா கூடப் பிசகவில்லை. இயந்திரம் மட்டும் ஒரு கிலோ விதையைக்கூடச் சுத்தம் செய்யவில்லை. அந்த ஃபைலைத் தயாரித்தவன் நான்தான்.

2007-08 நிதியாண்டு. காடு வளர்ப்புக்கான நாற்றங்கால் ஒன்றுக்கு விதை சுத்திகரிப்பு இயந்திரம் வேண்டும் என்று இன்டென்ட் வந்தது. அதில் இருந்தது ஒரே வரி. என்ன விதை, எவ்வளவு, எந்த மாதம் என்று ஒன்றும் இல்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வேறோர் அலுவலகம் நெல் விதைக்கு வாங்கிய இயந்திரத்தின் விவரக்குறிப்பு கையில் கிடைத்தது. அதையே தட்டச்சு செய்து, 'நெல்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'விதை' என்று போட்டேன். மேலதிகாரி கையெழுத்திட்டார். மூன்று நிறுவனங்கள் விலை கொடுத்தன. குறைந்த விலைக்கு ஆர்டர் போயிற்று. மார்ச் கடைசி வாரத்தில் இயந்திரம் வந்து இறங்கியது. 31-ஆம் தேதிக்குள் பில் பாஸ் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி.

இதில் யாரும் ஐந்து பைசா வாங்கவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். அரசாங்கக் கொள்முதல் என்றாலே கமிஷன் என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு இது புரியாது. கை சுத்தமாக இருந்தும் பணம் பாழாகும்.

சவுக்கு விதையைப் பார்த்திருக்கிறீர்களா? மரக்காணம் பக்கமும் கடலூர் பக்கமும் தோப்பு வைத்தவர்களுக்குத் தெரியும். காயை வெயிலில் காயப்போட்டால் தானாக வெடித்து, சின்ன இறக்கை ஒட்டிய விதை உதிரும். கிலோவுக்குப் பல லட்சம் விதை. ஊதினால் பறக்கும். எறும்பு வேறு இழுத்துக்கொண்டு போகும். பொக்கு விதையும் அதிகம். நல்ல விதைக்கும் பொக்குக்கும் எடையில் உள்ள வித்தியாசம் மிகக் கொஞ்சம் என்பதால், காற்றை மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பிரிக்க வேண்டும். நெல்லுக்கான இயந்திரத்தின் காற்றாடியோ நெல் பதரைத் தூக்கி எறிவதற்காகச் செய்தது. சல்லடைத் துளையும் நெல்லின் அளவுக்குத்தான்.

அடுத்த வருடம் இருப்பு சரிபார்ப்புக்காக அந்த நாற்றங்காலுக்குப் போனேன். நான் வருகிறேன் என்று இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். அதுவரை ஓட்டவே முடியவில்லையாம். கொட்டகையில் இருந்தது சிங்கிள் ஃபேஸ் லைன், இயந்திரத்துக்கு வேண்டியது த்ரீ ஃபேஸ். அதற்குத் தனி ஃபைல் போட்டு லைன் வாங்கவே பல மாதம் ஆகியிருந்தது. வாரண்டியில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது.

ஒரு கூடை சவுக்கைக் கொட்டினார்கள். பாதி, துளை வழியே தூசியோடு கீழே போயிற்று. மீதி, காற்றில் பறந்து சுவரோரம் படிந்தது. விதை வந்து விழ வேண்டிய சாக்கில் குச்சியும் காயும் மட்டும் இருந்தன. அங்கே பல வருடமாகக் கூலிக்கு விதை புடைக்கும் அம்மா ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏன் சார், நெல்லு மெஷினை எடுத்தாந்து வச்சிட்டு சவுக்கைப் போடச் சொல்றீங்க? எங்க முறத்துல இப்படிச் சிந்துமா?"

நான் ரெஜிஸ்டரில் 'ஒன்று, இயங்கும் நிலையில்' என்று எழுதிவிட்டு வந்தேன். அது உண்மைதானே, ஓடியது.

பிரெஞ்சில் விவரக்குறிப்புக்கு 'காயே தே ஷார்ழ்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், சுமைகளின் நோட்டு. விற்கிறவன் எதை எதைச் சுமக்க வேண்டும் என்று வாங்குகிறவன் எழுதிவைப்பது. பிரெஞ்சில் படித்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் சிறு வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன, நான் எழுதிய நோட்டில் விற்கிறவன் தலையில் ஒரு சுமையும் இல்லை. நிலத்தில் சிந்தியதைக் கூட்டி அள்ளி மறுபடி முறத்தில் போட்ட பெண்கள்தான் சுமந்தார்கள்.

குறைந்த விலைக்கு வாங்குவதுதான் குற்றம், எல்-1 முறையை ஒழிக்க வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். நாங்கள் அதிக விலை கொடுத்திருந்தால் இன்னும் பெரிய நெல் இயந்திரம் வந்திருக்கும். கேட்டதுதான் வரும். கேட்கிற இடத்தில் விதை தெரிந்தவர் யாரும் இல்லை என்பதுதான் கோளாறு.

வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் பழம் விழும். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். தள்ளிப்போனால் முளைப்பு மளமளவென்று குறையும். இதற்குச் சல்லடை எதற்கு? மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்க்க ஒரு சுழலும் டிரம் போதும். தேக்குக் காயின் மேல்தோலைத் தேய்க்க, சரளைக்கல் போட்ட கான்கிரீட் மிக்சரையே பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சவுக்குக்கு நுண்ணிய சல்லடைகள் நாலைந்தும் காற்றைக் குறைக்கக்கூடிய சின்ன ஊதுகருவியும் போதும். அன்றைய ஜி.எஃப்.ஆர். 2005-இன்படி 15,000 ரூபாய் வரை விலைப்புள்ளி கூட இல்லாமல் வாங்கலாம். ஒரு லட்சம் வரை மூன்று பேர் குழு கடைக்கு நேரில் போய்ப் பார்த்து வாங்கலாம். அந்த அம்மாவையே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் 'இயந்திரங்கள்' தலைப்பில் ஒதுக்கிய பணம் மார்ச்சுக்குள் தீர வேண்டுமே. சல்லடை வாங்கினால் தீருமா?

இப்போது ஜெம் வந்திருக்கிறது. 2016-இல் தொடங்கினார்கள். நல்லதுதான், விலை எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் நான் பழைய ஃபைலைப் பார்த்துக் காப்பி அடித்த இடத்தில், இன்று ஒரு பையன் திரையில் இருக்கும் பட்டியலில் டிக் போடுகிறான். அவனிடமும் யாரும் எந்த விதை என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

நண்பரிடம் அன்றே சொன்னேன், இங்கேயும் எழுதிவைக்கிறேன். விவரக்குறிப்பில் இரண்டு வரி சேருங்கள். எங்கள் நாற்றங்காலின் சவுக்கு விதையை எங்கள் மின் இணைப்பிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும், புடைக்கும் ஆள் பார்த்துச் சரி என்ற பிறகே பொருளை ஏற்போம் என்று ஒன்று. எந்தெந்த விதைக்கு எந்தச் சல்லடை என்று பட்டியலிட்டு அவற்றையும் சேர்த்தே தர வேண்டும் என்று இன்னொன்று. "ஆடிட்ல கேப்பாங்களே முசே" என்றார். சோதித்துப் பார்த்து வாங்கியதற்காக ஆடிட்காரர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. என் இயந்திரத்தைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, பேப்பர் எல்லாம் சரியாக இருந்ததால். நான் ஓய்வு பெற்ற அன்று அது படுதா போர்த்திக் கொட்டகை மூலையில் நின்றது. பெண்கள் அதன் மேல் முறங்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.