ஸ்ட்ராங்கான மருந்து எதுங்கண்ணே?

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு. 2019ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் தண்டனை குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். வீட்டுல துப்பாக்கி வச்சுக்க லைசென்ஸ் இருக்கிறது வேற, தோட்டா செய்ய லைசென்ஸ் வேற. அதனால எத்தனை கிராம், எத்தனை கிரெயின்னு எந்த அளவும் இங்க கிடைக்காது. அதைத் தேடி வந்தவங்க இப்படியே கிளம்பலாம். கோவிச்சுக்க மாட்டேன்.

நான் துப்பாக்கிப் பைத்தியம்னு தெரிஞ்சதும் ரெண்டு வகை ஆளுங்க கிட்ட வர்றாங்க. ஒண்ணு, அமெரிக்காக்காரன் கார் ஷெட்டுல உக்காந்து தோட்டா செய்ற வீடியோவை ராத்திரி பூரா பாக்குற தம்பிங்க. இன்னொண்ணு, பேரையூர், உசிலம்பட்டி பக்கம் அப்பா காலத்து லைசென்ஸோட நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்கிற பெரியவங்க. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்னி தின்னுட்டுப் போற வயித்தெரிச்சல் அவங்களுக்கு. (2025 ஜனவரியில வந்த அரசாணைப்படி காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னியைச் சுடலாம்தான். ஆனா சுடவேண்டியது வனத்துறை ஆளு, நாம இல்ல.) ரெண்டு பேரும் கேக்குறது ஒரே கேள்வி: "இருக்கிறதுலயே ஸ்ட்ராங்கான மருந்து எதுங்கண்ணே?"

இந்தக் கேள்வியைத்தான் இன்னைக்கு வெளுக்கப் போறேன். உலகத்துலயே தப்பான கேள்வி இது. கேட்டு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு விரல் போயிரும்.

பாதிக் குத்தம் நம்ம மொழிப் பழக்கத்துல இருக்கு. சிவகாசி அணுகுண்டுக்குள்ள இருக்கிறதும் மருந்து. நாட்டுத் துப்பாக்கிக்கு மேல இருந்து கொட்டிக் கெட்டிக்கிறதும் மருந்து. 315 ரைபிள் தோட்டாக்குள்ள இருக்கிற புகையில்லா மருந்தும் மருந்து. காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் அதேதான், அதை விடுங்க. பேப்பர்ல எல்லாத்துக்கும் சேத்து 'வெடிமருந்து'ன்னு ஒரே வார்த்தை போட்டு முடிச்சுடறாங்க. படிக்கிறவன் என்ன நினைப்பான்? எல்லாம் ஒரே சாமான், வீரியம்தான் கூடக் குறையன்னு நினைப்பான். இல்லய்யா! பட்டாசு மருந்தோட வேலை உடைக்கிறது. துப்பாக்கி மருந்தோட வேலை தள்ளுறது. உடைக்கிறதைக் கொண்டுபோய்த் தள்ளுற இடத்துல வச்சா, குண்டு நகர்றதுக்கு முன்னாடி குழல் பிளக்கும். குழலுக்குப் பின்னாடி இருக்கிறது உங்க முகம்.

அடுத்த கூத்து, 'டெஸ்ட்' பண்றது. ரெண்டு சிட்டிகை தரையில கொட்டிக் கொளுத்திப் பாப்பாங்க. கரிமருந்து 'புஸ்ஸு'ன்னு ஒரே நொடியில போயிரும், புகை மூஞ்சில அடிக்கும். புகையில்லா மருந்து மஞ்சளா, நிதானமா, சூடம் எரியிற மாதிரி எரியும். உடனே தீர்ப்பு: "இது வீக்கு மருந்துப்பா, கூடக் கொஞ்சம் போடணும்." போச்சு.

நடக்கிறது என்னன்னா, கரிமருந்து திறந்த வெளியிலயும் குழலுக்குள்ளயும் கிட்டத்தட்ட ஒரே குணத்தோட எரியும். புகையில்லா மருந்து அப்படி இல்ல. அழுத்தம் ஏற ஏற அது எரியிற வேகமும் ஏறும். வேகம் ஏறினா அழுத்தம் இன்னும் ஏறும். தொழுவத்துல சாதுவா அசை போட்டுக்கிட்டு இருக்கிற காளையைத் தடவிப் பாத்துட்டு, 'இது வீக்கு'ன்னு சொல்லிக்கிட்டு அலங்காநல்லூர் வாடிவாசல்ல போய் நிப்பீங்களா? அதான் கதை. எடைக்கு எடை பாத்தாலும் கரிமருந்தை விட இதுல சக்தி அதிகம். கரிமருந்துக்குன்னு செஞ்ச நாட்டுத் துப்பாக்கியில இதை ஒரு சிட்டிகை கூடப் போடக்கூடாது. 'கொஞ்சமா போட்டா பரவாயில்ல'ங்கிற பேச்சே இதுல கிடையாது.

வெள்ளைக்காரனே இதுல அடிபட்டுத்தான் கத்துக்கிட்டான். 1884ல பிரான்ஸ்ல பால் வியெல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சதும் எல்லா நாடும் அடிச்சுப் பிடிச்சு ஓடுச்சு. பிரிட்டிஷ்காரன் 1888ல கொண்டுவந்த 303 ரைபிள் முதல்ல கரிமருந்துலதான் சுட்டுச்சு. அப்புறம் கார்டைட் வந்துச்சு. அதோட சூடு தாங்காம லீ-மெட்ஃபோர்டு குழலோட உள்வரிகள் சீக்கிரமே தேய ஆரம்பிச்சுது. வரிகளோட வடிவத்தையே மாத்தி 1895ல லீ-என்ஃபீல்டுன்னு வேற ரைபிளா கொண்டுவர வேண்டியதாச்சு. ஒரு சாம்ராஜ்யம் மருந்தை மாத்துனா குழலையும் மாத்துச்சு. நம்மாளு மருந்தை மட்டும் மாத்துவாராம், தாத்தா காலத்துக் குழல் அப்படியே இருக்குமாம்!

சரி, தம்பிங்க விஷயத்துக்கு வருவோம். ரைபிள் தோட்டாவுக்கு மருந்து தேர்ந்தெடுக்கிறதுன்னா பாக்கவேண்டியது வீரியம் இல்ல, எரியிற வேகம். புல்ஸ்ஐ மாதிரி கைத்துப்பாக்கி மருந்து படு வேகம். சின்ன கேஸ், குட்டைக் குழல், லேசான குண்டுக்கு அது சரி. கனமான குண்டைப் பெரிய கேஸ்ல வச்சு நீளமான குழல்ல தள்ளணும்னா மெதுவான மருந்து வேணும். குண்டு குழல்ல போற நேரம் முழுக்கப் பின்னாடியே தள்ளிக்கிட்டு வரணும். வேகமான மருந்தை ரைபிள் கேஸ் நிறைய போட்டா என்ன ஆகும்? 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வச்சிருக்கிற உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்க கார் டயர்ல இருக்கிறது முப்பது சொச்சம். அந்த வரம்பைத் தாண்டுற வெடிப்பு உங்க கன்னத்துல இருந்து நாலு விரக்கடை தூரத்துல நடக்கும்.

டப்பா மேல இருக்கிற நம்பரை நம்பியும் போகக்கூடாது. 4831னு ஒரு மருந்து. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுல மிஞ்சினதை அள்ளி ஹாட்ஜ்டன் அமெரிக்காவுல விக்க ஆரம்பிச்சார். பின்னாடி 1970கள்ல டூபான்ட் ஐஎம்ஆர் 4831னு ஒண்ணு கொண்டுவந்துச்சு. நம்பர் ஒண்ணுதான், வேகம் வேற. ஐஎம்ஆர் கொஞ்சம் வேகமா எரியும். ஒண்ணோட அளவுக் குறிப்பை வச்சு இன்னொண்ணை நிரப்பினா வம்பு. இங்கிலீஷ்லயே இப்படின்னா, நாம 'மருந்து'ங்கிற ஒரே சொல்லை வச்சுக்கிட்டு என்ன பண்ண?

இப்ப மதுரைக்கு வாங்க. வெளிநாட்டு வீடியோ எதுலயும் கத்திரி வெயில் வராது. மருந்து சூடாச்சுன்னா அழுத்தம் ஏறும். மார்கழிக் காலையில பதமா இருக்கிற தோட்டா, மே மாசம் வாசல்ல நிறுத்தின கார் டேஷ்போர்டுல ரெண்டு மணி நேரம் கிடந்தா வேற தோட்டா. வெளியே 40 டிகிரின்னா காருக்குள்ள 60க்கு மேல. அதனாலதான் சூட்டுக்கு அதிகமா மாறாத வார்கெட் மாதிரி மருந்துக்கு மவுசு. அதைச் செய்றது எங்கன்னு பாத்தா, ஆஸ்திரேலியாவுல முல்வாலாங்கிற ஊரு. வெயில் காயிற நாட்டுக்காரனுக்கு நம்ம கஷ்டம் புரியும் போல.

சுடாம சும்மா வச்சிருந்தாலும் வெயில் விடாது. இந்த மருந்தோட அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், அது தன்னால சிதைஞ்சுக்கிட்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்த ஒரு ரசாயனம் சேத்திருப்பாங்க, அதுவும் ஒருநாள் தீரும். சூடு இருந்தா சீக்கிரமே தீரும். பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஐயெனா 1907லயும், லிபெர்தே 1911லயும் தூலோன் துறைமுகத்துலயே வெடிச்சுச் சிதறினது இந்த மாதிரி கெட்டுப்போன மருந்தாலதான். யாரும் சுடல. மருந்து தானா கெட்டுப்போய் வெடிச்சுது. தகரக் கொட்டகைப் பரண்ல, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ தாத்தா வச்ச டப்பாவை நினைச்சுப் பாருங்க.

"அமெரிக்காக்காரன் மட்டும் வீட்லயே செய்றானே?"ம்பாங்க. செய்றான். அவன் கையில லைமன், ஹார்னடின்னு தலகாணி சைஸ் புத்தகம் இருக்கு. அழுத்தம் அளக்கிற குழல்ல சுட்டுப் பாத்து, மருந்துவாரியா, குண்டுவாரியா போட்ட அட்டவணை. அதுல ஆரம்ப அளவு, உச்ச அளவு ரெண்டும் இருக்கும். தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர் தங்கம் நிறுக்கிற மாதிரி ஒவ்வொரு தோட்டாவுக்கும் நிறுத்துப் போடறான். நம்மகிட்ட என்ன இருக்கு? கேப் மூடி அளவு, 'ஒரு கை' அளவு, அண்ணன் சொன்ன அளவு.

இதுல நான் அரசாங்கத்தையும் விடறதா இல்ல. நீலகிரியில அருவங்காட்டுல 1900களோட தொடக்கத்துல இருந்து கார்டைட் ஃபேக்டரி ஓடுது. 2021ல இருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனிக்குக் கீழ. ஊட்டி ரயில்ல போறவன் ஸ்டேஷன் போர்டையே பாத்துட்டுப் போறான். நூறு வருஷத்துக்கும் மேல புகையில்லா மருந்து செய்ற மாநிலம் இது. ராணுவ ரகசியம் யாரும் கேக்கல. கரிமருந்து வேற, பட்டாசு மருந்து வேற, புகையில்லா மருந்து வேற, எதுல எதைப் போடக்கூடாது, பழைய டப்பாவுல புளிச்ச ஆசிட் வாடையோ செம்பழுப்புப் புகையோ வந்தா அதைத் தொடாம யாருக்குச் சொல்லணும்னு தமிழ்ல ஒரே ஒரு பக்கம். லைசென்ஸ் புதுப்பிக்க கலெக்டர் ஆபீஸ் வர்ற பேரையூர் பெரியவர் கையில ஃபாரத்தோட சேத்து அந்தத் தாளையும் குடுத்து அனுப்ப எவ்வளவு செலவாகும்? ஜெராக்ஸ் கடையில ரெண்டு ரூபா.