ஒப்படை எழுதப் பழகாத சமூகம் தன் வழக்கை எப்படி வாதாடும்?

பல்கலைக்கழக மாணவர்கள் தமது ஒப்படைகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கொடுத்து எழுதுவிக்கிறார்கள் என்ற முறைப்பாடு இப்போது வடக்கிலும் கிழக்கிலும் பரவலாகக் கேட்கிறது. விரிவுரையாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள். மாணவர்கள் "எல்லாரும்தானே செய்யினம்" என்கிறார்கள். பெற்றோரைப் பொறுத்தவரை பிள்ளை பட்டம் பெற்று ஓர் அரச நியமனத்துக்குப் போனால் போதும். இடையில் எழுதப்படும் நாலு கட்டுரைகளை யார் எழுதினால் என்ன என்ற எண்ணம்தான்.

கலைப்பிரிவு மாணவர்களுக்கு வருகைதரு விரிவுரையாளராகக் கற்பித்து, அவர்களுடைய ஒப்படைகளைச் சில வருடங்களாகத் திருத்தி வருகிறேன். இந்த விடயத்தை மாணவர் ஒழுக்கம் சார்ந்த ஒரு சிறு பிரச்சினையாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. போர் முடிந்து பதினைந்து வருடங்கள் கடந்த பின்னரும் எமது மக்களின் நீதியும் காணியும் காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரமும் அறிக்கைகள், எண்கள், வர்த்தமானிகள், சாட்சியங்கள் ஆகியவற்றில்தான் தங்கியிருக்கின்றன. அவற்றை எடைபோட்டு வாசிக்கவும், ஆதாரத்துடன் பதில் எழுதவும் ஓர் இளைஞனுக்குப் பயிற்சி கிடைக்கக்கூடிய இடம் எது என்று கேட்டால், பல்கலைக்கழக ஒப்படையைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

செயலி வருவதற்கு முன்பும் இதுதான் நிலைமை

சட்ஜிபிடி 2022 இன் இறுதியில்தான் வந்தது. அதற்கு முன்பும் பெரும்பாலான ஒப்படைகள் மாணவரின் சொந்த எழுத்தாக இருக்கவில்லை. மூத்த மாணவர் ஒருவரின் பழைய ஒப்படை, விக்கிப்பீடியாவில் இருந்து எடுத்த இரண்டு பக்கங்கள், விரிவுரைக் குறிப்பு ஆகியவற்றை ஒட்டி, கொமினிகேசன் கடையில் தட்டச்சுச் செய்து, அட்டை போட்டுக் கொண்டுவருவார்கள். இப்போது மாறியிருப்பது வேகம் மட்டுமே.

இதற்கான விதை க.பொ.த. உயர்தர வகுப்பிலேயே ஊன்றப்படுகிறது. ரியூட்டரியில் தரப்படும் ரியூட்டை மனனம் செய்து, மாதிரி விடையை அப்படியே ஒப்புவிப்பவருக்கே புள்ளி கிடைக்கிறது. அப்படி வந்த பிள்ளையிடம் முதலாம் வருடத்திலேயே "விமர்சன ரீதியாக ஆராய்க" என்று ஒரு தலைப்பைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஒரு மாணவி என்னிடம் கேட்டார்: "மிஸ், எங்கட கருத்தை எழுதினா மார்க்ஸ் குறையுமோ?" பதின்மூன்று வருடப் பள்ளிக் கல்வி அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பயத்தைத்தான்.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. கேள்வி கேட்பது உயிராபத்தாக இருந்த ஒரு காலத்தை நாம் கடந்து வந்திருக்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் மூன்று சக விரிவுரையாளர்களும் எழுதிய 'முறிந்த பனை' இந்திய இராணுவம், இலங்கை அரசு, இயக்கங்கள் என எல்லாத் தரப்பையும் கேள்விக்குட்படுத்திய நூல். அந்த நூலுடன் உடன்படுவதும் முரண்படுவதும் வேறு விடயம். ஆனால், அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்த பெற்றோர் "வாயை மூடிக்கொண்டு படி" என்று சொன்னதை யாராலும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பெற்றோரின் பிள்ளைகள்தான் இன்று ஆசிரியர்கள். அவர்களிடம் படித்தவர்கள்தான் எனது வகுப்பில் இருக்கிறார்கள்.

விமர்சனம் என்றால் என்ன?

எமது ஊர்களில் 'விமர்சனம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் மட்டுமே புழக்கத்தில் உள்ளன. ஒன்று திட்டுவது. மற்றது நூல் வெளியீட்டு விழாவில் நடக்கும் ஆய்வுரை. அதாவது பொன்னாடைக்கு முன்பு வரும் புகழுரை. 1974 இல் ஆரம்பிக்கப்பட்ட யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் க. கைலாசபதி என்ற இலக்கிய விமர்சகர் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறோம் என்பது புரியும்.

ஒரு நூலையோ ஆய்வுக் கட்டுரையையோ அறிக்கையையோ விமர்சிக்க எனது மாணவர்களுக்கு நான் நான்கு கேள்விகளைக் கொடுப்பதுண்டு. இதை எழுதியவர் என்ன சொல்கிறார்? அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறார்? அந்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவுக்கு வர முடியுமா? எது சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது? இந்த நான்குக்கும் விடை எழுதிய பின்னர்தான் "நான் உடன்படுகிறேன்", "உடன்படவில்லை" என்ற பேச்சுக்கு இடம். பாடத்துக்குப் பாடம் ஆதாரத்தின் தன்மை மாறும், கேள்விகள் மாறுவதில்லை. எம்மோடு தொடர்புபட்ட சில உதாரணங்களைப் பார்க்கலாம்.

சமூகவியலும் வரலாறும்: எண்களை வாசித்தல்

இறுதிப் போரில் இறந்தோர் தொகை பற்றி மாணவர்கள் எழுதும்போது 40,000 என்றும் 146,679 என்றும் இரண்டு எண்கள் ஒரே பந்தியில் வரும். இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பதில் இருக்காது.

முதலாவது எண், ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் நியமித்த நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ளது. பொதுமக்களின் மரணங்கள் 40,000 வரை இருக்கலாம் எனப் பல நம்பகமான தரப்புகள் மதிப்பிட்டிருப்பதாக அக்குழு கூறியது. முறையான விசாரணை ஒன்றே துல்லியமான எண்ணிக்கையைத் தரும் என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டாவது எண், மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் காட்டிய 429,059 பேரில், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்த 282,380 பேரைக் கழித்து, மிகுதிப் பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

முதலாவது இறந்தோர் பற்றிய ஒரு மதிப்பீடு. இரண்டாவது கச்சேரியின் சொந்தப் பதிவுகளிலிருந்து தொடங்கி அரசாங்கத்திடமே கேட்கப்பட்ட கணக்கு. இரண்டையும் "இறந்தோர் தொகை" என்று ஒன்றாக எழுதும்போது, ஆயரின் கேள்வியில் இருந்த பலம் போய்விடுகிறது. 'பொதுமக்கள் இழப்பு பூச்சியம்' என்ற கொள்கையுடனேயே போரிட்டோம் என்று சொன்ன தரப்புக்கு, தமிழர்கள் எண்களை ஊதிப் பெருப்பிக்கிறார்கள் என்று சொல்ல நாமே வழி திறந்துவிடுகிறோம். ஆயர் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. மூலம் என்ன, திகதி என்ன, எந்த நிர்வாகப் பதிவு என்று சொல்லிச் செய்த கணக்கு. ஒரு நல்ல ஒப்படையிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதையேதான்.

விஞ்ஞானம்: மாதிரியும் முடிவும்

விஞ்ஞான மாணவர்களுக்குக் கட்டுரை எதற்கு என்று கேட்பவர்கள் மன்னார் சதொச வளாக மனிதப் புதைகுழியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2018 இல் அகழ்வு தொடங்கிய அந்த இடத்தில் 300 க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. ஆறு எலும்பு மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை பல நூறு வருடங்கள் பழைமையானவை என்று 2019 இல் காபன் பரிசோதனை முடிவு வந்தது.

முடிவு வந்தவுடன் ஒரு தரப்பு விடயம் முடிந்துவிட்டது என்றது. எம்மில் பலர் அறிக்கையே பொய் என்றார்கள். இரண்டு தரப்பும் அறிக்கையை விமர்சனமாக வாசிக்கவில்லை. மாதிரிகள் குழியின் எந்தப் பகுதியில், எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டன? ஆறு மாதிரிகளின் முடிவை 300 க்கும் மேற்பட்டோருக்குப் பொதுமைப்படுத்த முடியுமா? அதே குழியில் கிடைத்த ஏனைய பொருட்கள் எந்தக் காலத்துக்குரியவை? புள்ளிவிபரவியலை ஒரு பாடமாகப் படித்த எந்த மாணவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. கேள்விக்குக் கிடைக்கும் பதில் எமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தியில் 2025 இல் நடந்த அகழ்வில் 200 க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அது பற்றியும் நாளை ஆய்வுகூட அறிக்கைகள் வரும். அவற்றை வாசிக்க எம்மிடம் யார் இருக்கிறார்கள்?

சட்டம்: ஒரு வர்த்தமானியின் மூன்று மாதங்கள்

2025 மார்ச் 28 அன்று வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடக்கில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிகளுக்கு 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கேட்டது. அவ்வாறு கோரப்படாதவை அரச காணியாகும் நிலை இருந்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின்னர் அது மீளப்பெறப்பட்டது.

உறுதிகளை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும் புலம்பெயர்ந்து வாழ்பவர்களும் நிறைந்த ஒரு மாகாணத்தில் மூன்று மாதம் என்பது என்ன? யார் மீது நிரூபிக்கும் சுமை போடப்படுகிறது? சட்டம் எந்தக் காலத்தில், யாருடைய தேவைக்கு ஆக்கப்பட்டது? இவற்றைக் கேட்டு எழுதினால் அது நல்ல சட்டக் கட்டுரை. "இது திட்டமிட்ட நில அபகரிப்பு" என்று மட்டும் எழுதினால் அது சுவரொட்டி வாசகம். வீதியில் சுவரொட்டியும் தேவைதான், ஆனால் நீதிமன்றத்தில் அது எடுபடாது.

செயலியை என்ன செய்வது?

ஆங்கிலமொழி மூலம் கற்குமாறு தள்ளப்படும் கிராமத்து மாணவர் ஒருவர் செயலியிடம் போவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கடினமான ஒரு பந்தியை விளங்கிக்கொள்ளவும், தான் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தவும் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால், நான் திருத்திய ஒப்படை ஒன்றில் மேற்கோள் காட்டப்பட்டிருந்த நூல் உலகில் எங்குமே இல்லாத நூல். செயலி அதைத் தானாகவே உருவாக்கியிருந்தது. வகுப்பில் அதற்குப் புள்ளி குறையும், அவ்வளவுதான். ஜெனீவாவுக்கோ ஓர் ஆணைக்குழுவுக்கோ போகும் ஆவணத்தில் அப்படி ஒரு மேற்கோள் இருந்தால், அதில் உள்ள உண்மையான சாட்சியங்களும் சேர்ந்தே நிராகரிக்கப்படும்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் வினாவில் உள்ள ஏவற்சொல்லைப் பாருங்கள். "விபரிக்க" என்பதும் "மதிப்பிடுக" என்பதும் வேறு வேறு வேலைகள். பின்னர் உங்கள் பதிலைத் தமிழில் ஒரே வசனத்தில் எழுதுங்கள். அது முடியாவிட்டால் இன்னும் வாசிக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்தில் ஆசிரியர் சொல்வதையும் மறு பக்கத்தில் உங்கள் கேள்வியையும் பக்க எண்ணுடன் எழுதுங்கள். உங்களுக்கு எதிரான வாதத்தை அதன் பலத்தோடு ஒரு பந்தியாவது எழுதுங்கள். எங்கள் ஊர் பற்றிய மூலங்கள் இல்லை என்று சொல்ல வேண்டாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோனவை போக எஞ்சியவற்றில் ஆயிரக்கணக்கானவை நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பத்து வருடமாக மாறாத தலைப்பைக் கொடுத்துவிட்டு மாணவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. மாணவரின் சொந்தக் கிராமத்தில், சொந்தப் பிரதேச செயலகத்தில் தேடி எழுத வேண்டிய தலைப்புகளைக் கொடுக்கலாம். சமர்ப்பித்த ஒப்படையைப் பற்றிப் பத்து நிமிடம் வாய்மொழியாகக் கேள்வி கேட்கலாம். தானே எழுதியவருக்கு அது கஷ்டமாக இராது. முக்கியமாக, எமது கருத்துக்கு மாறாக ஆதாரத்துடன் எழுதும் மாணவருக்குப் புள்ளி குறையாது என்பதை நாம் செய்து காட்ட வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இந்த வருடங்களில் அந்தத் தாய்மாரிடம் எத்தனையோ படிவங்களும் அறிக்கைகளும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று அவர்களுக்கு வாசித்துச் சொல்ல வேண்டியவர்கள் எமது பட்டதாரிகள். ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை ஒப்படை முடித்துவிட்டேன் என்று சொன்னால், அதில் என்ன எழுதியிருக்கிறாய், ஏன் அப்படி எழுதினாய் என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.