கடவுள் கணக்கில் வரவு மட்டும்தானா?

காலம் கெட்டுக் கிடக்கிறது, நாளைக்கு என்ன நேருமோ தெரியவில்லை, ஆகையால் கர்த்தரை நம்பிக்கொண்டிருங்கள், அவர் கைவிடமாட்டார் என்பது கிறிஸ்தவப் பாதிரிமார்களின் ஓயாத பிரசங்கமாகும். யுத்தம் வந்தாலும் இதுதான். தொத்து நோய் வந்தாலும் இதுதான். புயல் அடித்தாலும், வேலை போனாலும் இதுதான். எல்லா நோய்க்கும் ஒரே லேகியத்தைக் கிண்டி விற்கிற சந்தை வைத்தியனைக் கண்டால் நம் ஜனங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அதே காரியத்தை அங்கி போட்டுக்கொண்டு ஒருவர் மேடைமேல் நின்று செய்தால் கண்ணை மூடிக்கொண்டு முழங்கால் போடுகிறார்கள்.

விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றும் தங்கள் மதத்துக்குத் தலையாய குணங்கள் என்று கிறிஸ்தவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அன்பைப் பற்றி நமக்குத் தகராறு கிடையாது. விசுவாசத்தை வேறு சமயம் பேசிக்கொள்ளலாம். நடுவிலே உட்கார்ந்திருக்கிற இந்த நம்பிக்கை இருக்கிறதே, அதன் யோக்கியதையைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. "கிறிஸ்தவர்கள் பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், அவர்களை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பதுண்டு. கட்டினார்கள், நாம் மறுக்கவில்லை. சூத்திரனும் பஞ்சமனும் எழுத்தைத் தொடக்கூடாது என்று வைத்திருந்த நாட்டிலே சிலேட்டையும் பலப்பத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதற்கு நன்றி பாராட்டவே செய்கிறோம். (அதே கோயில்களுக்குள் சாதியையும் சேர்த்து அனுமதித்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.) ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரை ஏன் வைத்தார்கள் என்பதை மட்டும் நம் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஜெபமே போதுமென்றால் ஊசி எதற்கு, கத்தி எதற்கு, மருந்து எதற்கு?

நிற்க. 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மசுக்கு மறுநாள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா கோயிலிலே பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து கூடியிருந்தார்கள். சிலர் பூசையில் இருந்தார்கள். சிலர் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கடைகளில் மெழுகுவர்த்தியும் மாலையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் கடல் எழுந்து வந்தது. நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் மாண்டார்கள். அடையாளம் தெரியாத பிணங்களை ஒரே குழியில் அள்ளிப்போட்டு மூட வேண்டியதாயிற்று. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

செத்தவர்கள் யார்? மாதாவை நம்பாதவர்களா? கடன் வாங்கி, ரயிலிலும் பஸ்ஸிலும் இடிபட்டு, மொட்டை போடவும் தொட்டில் கட்டவும் நேர்ந்துகொண்டு, அவள் காப்பாற்றுவாள் என்றே வந்தவர்கள் அல்லவா? வீட்டிலே தூங்கிக்கொண்டிருந்த நாஸ்திகன் பிழைத்தான். அவள் வாசலைத் தேடி வந்தவன் செத்தான்.

அலை வடிந்த பிறகு கிளம்பிய பேச்சு என்ன தெரியுமா? கோயிலுக்குள் தண்ணீர் நுழையவில்லையாம்! ஆகவே அற்புதம் நடந்துவிட்டதாம்! இந்தப் பேச்சை முதன்முதலாகக் கேட்டபோது நமக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. வாசலில் பிணம் குவிந்திருக்கிறது. வீட்டுக்காரி தன் கூடம் நனையவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறாள் என்றால், அவளைத் தாய் என்று கூப்பிட யாருக்காவது மனம் வருமா? தாய் என்பவள் வீட்டைக் காப்பாளா, பிள்ளையைக் காப்பாளா?

இந்த அற்புத வியாபாரம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. அதே நாளில் சுமத்திராத் தீவின் பந்தா ஆச்சே நகரமே தரைமட்டமான இடத்திலே பெரிய பள்ளிவாசல் நின்றது; அல்லாவின் அற்புதம் என்றார்கள். இலங்கையிலே புத்தர் சிலை விழாமல் நின்றது. புத்தரின் அற்புதம் என்றார்கள். திருச்செந்தூரிலே முருகன் கடலைத் தடுத்துவிட்டான் என்றார்கள். இலங்கைத் தீவு குறுக்கே கிடந்து அந்தப் பக்கத்து அலையை வாங்கிக்கொண்டது என்பதைப் பள்ளிப் பையன்கூடப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான். ஒரு கட்டடத்துக்குள் தண்ணீர் வருவதும் வராததும் தரையின் மேடு பள்ளத்தையும், கடலின் தூரத்தையும், தூணின் பலத்தையும் பொறுத்த சங்கதி. நான்கு மதத்துக் கடவுள்களும் ஒரே காலையில் தத்தம் கட்டடத்தை மட்டும் காத்துக்கொண்டு, மனிதர்களை மட்டும் கைவிட்டார்கள் என்றால், அந்த நால்வரிடமும் யாரும் எதற்காக நம்பிக்கை வைக்க வேண்டும்?

சுமார் 2,400 வருஷங்களுக்கு முன் கிரேக்க தேசத்தில் தியாகோரஸ் என்றொரு நாஸ்திகர் இருந்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய், கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டி, கடவுள் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றாராம். அதற்கு அவர், நேர்ந்துகொண்டும் மூழ்கிப் போனவர்களுடைய படங்கள் எங்கே மாட்டியிருக்கின்றன என்று திருப்பிக் கேட்டாராம். வேளாங்கண்ணியிலும் காணிக்கைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிழைத்தவன் கொடுத்த வெள்ளிக் கப்பல் இருக்கிறது. முழுகினவன் எதைக் கொண்டுவந்து கொடுப்பான்? வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்குப்பிள்ளையை எந்த மளிகைக் கடைக்காரனாவது ஒரு நாள் வேலைக்கு வைத்துக்கொள்வானா?

அந்தக் கோயிலின் கதையே அப்படிப்பட்ட வரவுக் கணக்கிலிருந்து தொடங்கியதுதான். புயலில் அகப்பட்ட போர்த்துகீசு மாலுமிகள் மாதாவை வேண்டிக்கொண்டு கரை சேர்ந்ததாகவும், அந்த நன்றிக்காகக் கோயில் கட்டியதாகவும் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். அந்தப் போர்த்துகீசியருடைய சொந்தத் தலைநகருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

1755ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி. சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாள். லிஸ்பன் நகரத்திலே காலை ஒன்பதரை மணிக்கு மேல், கோயில்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நேரம் பார்த்துப் பூமி அதிர்ந்தது. கோயில் கூரைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையில் விழுந்தன. திருநாளுக்கு ஏற்றிவைத்த மெழுகுவர்த்திகளே ஊரைக் கொளுத்தின. தப்பியோடி ஆற்றங்கரையில் நின்றவர்களைக் கடல் வந்து அடித்துக்கொண்டு போயிற்று. பல பதினாயிரம் பேர் மாண்டார்கள். இங்கே கோயில் நின்றது, அதனால் அற்புதம் என்கிறார்கள். அங்கே கோயில்களே இடிந்து கொன்றன. அதற்கு என்ன பேர் வைத்தார்கள்? தண்டனை என்று பேர் வைத்தார்கள். அதிலும் வேடிக்கை பாருங்கள்: பதிதர்களை நாட்டில் விட்டுவைத்ததற்குத் தண்டனை என்றார்கள் கத்தோலிக்கர்கள், கத்தோலிக்கர்களின் அக்கிரமத்துக்குத் தண்டனை என்றார்கள் பிராட்டஸ்டண்டுகள். நின்றாலும் கடவுள் மகிமை, விழுந்தாலும் கடவுள் மகிமை என்றால், எது நடந்தால்தான் இவர்கள் தோல்வியை ஒப்புக்கொள்வார்கள்?

அந்த லிஸ்பனிலே இரண்டு பேர் இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். மலாகிரிதா என்ற ஏசுசபைப் பாதிரி, இது இயற்கையால் வந்ததல்ல, உங்கள் பாவத்தால் வந்தது, குடிசை கட்டுவதை விட்டுவிட்டுத் தவம் பண்ணுங்கள் என்று துண்டுப் புத்தகம் போட்டார். பின்னால் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற மந்திரியோ பிணங்களை அப்புறப்படுத்தினார், கொள்ளையை அடக்கினார், ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டு வாங்கினார். பூகம்பத்தைப் பற்றிய சாஸ்திரத்துக்கு அதுவே விதை என்று படித்தவர்கள் சொல்லுகிறார்கள். சுவருக்குள் மரச்சட்டம் வைத்து, ஆடினாலும் விழாத வீடுகளைக் கட்டினார்கள். மலாகிரிதாவை 1761இல் மத விசாரணைக்காரர்களே கழுத்தை நெரித்து எரித்தார்கள். அந்தப் பாதகத்தை நாம் கொண்டாடவில்லை. கருத்துக்காக ஒருவரைக் கொல்லுவது எந்தப் பக்கத்தார் செய்தாலும் பாதகந்தான். நாம் கேட்பது, அவருடைய தவத்தால் எத்தனை வீடு நின்றது, மரச்சட்டத்தால் எத்தனை வீடு நின்றது என்பதுதான்.

மறுபடியும் நம் கரைக்கு வருவோம். சுமத்திராவில் பூமி அதிர்ந்தது நம் கடிகாரப்படி காலை 6.29 மணிக்கு. நாகைக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவிலே கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம்! ஒரு கிழவி தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்திருந்தாலும் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். எல்லாம் அறிந்த கடவுளுக்கு அந்த இரண்டரை மணி நேரமும் விஷயம் தெரியும். பூசை வைத்த பாதிரியின் காதிலாவது ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? கோபுரத்தில் மணி இருந்தது, அடிக்க ஆள் இருந்தான், சேதிதான் இல்லை. சர்க்காரையும் நாம் விடப்போவதில்லை. கார் நிகோபார் விமானப்படைத் தளம் முதலில் மூழ்கி, அங்கிருந்து சேதி இந்தக் கரைக்கு அலைக்கு முந்தியே வந்தும், மீனவன் காதுக்கு வந்து சேரவில்லை.

சேதி சேர்ந்த இடங்களில் என்ன நடந்தது? பூகம்பத்துக்கு மிக அருகில் கிடந்த தீவு சிமெலூ. 1907இல் அங்கே கடல் எழுந்து ஊரை அழித்ததை அந்த ஜனங்கள் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு என்று. 2004இலும் ஓடினார்கள். சுமார் 78,000 பேரில் செத்தவர் 7 பேர். புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்ப் பிள்ளையிடமிருந்து டெலிபோன் வந்தது. ஊரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வைத்திருந்த தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் கத்தினார்கள். 3,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர் உயிர் தப்பியது. படகும் வீடும் போயிற்று, ஜனம் பிழைத்தது. ஒரு டெலிபோனும் ஒரு ஒலிபெருக்கியும் செய்ததை அவ்வளவு பெரிய கோயிலில் குடியிருந்த மாதா செய்யவில்லை.

"கர்த்தரைச் சோதிக்கக்கூடாது" என்று உடனே ஒரு வசனத்தை எடுப்பார்கள். சோதிக்க வேண்டாம், அவர்களே நம்புகிறார்களா என்று பார்த்தால் போதும். தீராத வியாதியும் தீர்த்த ஊற்றுநீர் என்று உலகமெல்லாம் பேர் போன லூர்து க்ஷேத்திரத்தை 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து மூடினார்கள். அப்போதைய போப் பிரான்சிஸ் மார்ச் 27ஆம் தேதி ஜனமே இல்லாத சதுக்கத்தில் நின்று ஜெபம் பண்ணினார். மூடியது புத்திசாலித்தனம், நாம் மெச்சுகிறோம். ஆனால் வியாதிக்காரன் வந்தால் வியாதி போகும் என்ற இடத்திலே, வந்தால் வியாதி பரவும் என்று கதவைச் சாத்தியவர்கள் எதை நம்பிச் சாத்தினார்கள்?

கடைசியாக ஒரு கேள்வி வரும். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு இந்த நம்பிக்கை ஒன்றுதானே ஆறுதல், அதையும் பிடுங்குகிறீர்களே, நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்பார்கள். இதை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. அழுகிற தாயிடம் போய்த் தர்க்கம் பண்ணுகிறவன் மனிதனல்ல. ஆனால் அவளுக்கு இவர்கள் கொடுக்கிற ஆறுதல்தான் என்ன? யோபுவின் கதையைப் படிக்கிறார்கள். கடவுளும் சாத்தானும் போட்ட பந்தயத்துக்காக யோபுவின் பத்துப் பிள்ளைகளும் காற்றடித்து வீடு விழுந்து செத்தார்களாம். யோபு பொறுமையாக இருந்ததற்காகக் கடைசியில் வேறு பத்துப் பிள்ளைகள் கிடைத்தார்களாம். உடைந்த சட்டிக்குப் பதில் புதுச் சட்டி வாங்கிக் கொடுத்த மாதிரி! செத்த அந்தப் பத்தும் என்ன பாவம் செய்தன என்று அந்தப் புத்தகம் கேட்கவே இல்லை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற தாய், என் ஜெபம் குறைந்ததா, என் பாவமா, பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டுவிட்டு என் குழந்தையை ஏன் எடுத்தான் என்று ராத்திரியெல்லாம் தன்னையே அறுத்துக்கொள்கிறாளே, அது ஆறுதலா? அம்மா, உன் பேரிலும் உன் பிள்ளை பேரிலும் ஒரு குற்றமும் இல்லை, கடலுக்கு அடியில் பாறை நழுவியது, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்று நாம் சொல்லுகிறோம். இரண்டில் எது அவளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது?

அலைக்குப் பிறகு கன்னிமார்களும் பாதிரிகளும் பிணம் எடுத்தார்கள், சோறு போட்டார்கள் என்பதை நாம் அறிவோம். அவர்கள் கைகளைக் கும்பிடுகிறோம். அந்தக் கைகள் மனிதக் கைகள்.

2004இல் இந்து மகாசமுத்திரத்துக்கு இல்லாதிருந்த சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஏற்பட்டது. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி சுமத்திராப் பக்கம் மறுபடியும் பெரிய பூகம்பம் வந்தபோது சில நிமிஷங்களில் எச்சரிக்கை வந்தது. நம் கரை ஜனங்கள் எழுந்து உள்ளே போனார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. வந்திருந்தாலும் இந்தத் தடவை கடற்கரையில் ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பாதிரிமார்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வருகிற டிசம்பர் 26ஆம் தேதி செத்தவர்களுக்காகப் பூசை வைப்பீர்கள், வையுங்கள். அந்தப் பிரசங்கத்தில் ஐந்தே நிமிஷம் ஒதுக்கி, நிலம் ஆடினால் எந்தப் பக்கம் ஓடுவது, கடல் திடீரென்று உள்வாங்கினால் என்ன அர்த்தம், உங்கள் ஊரில் மேடான கட்டடம் எது, எச்சரிக்கைச் சங்கு எப்படி ஊதும் என்பதை ஜனங்களுக்குச் சொல்லுங்கள். மாதா இருக்கும்போது அதெல்லாம் வேண்டாம் என்று எந்தப் பாதிரியாராவது நினைத்தால், அதைக் கையெழுத்திட்டு எழுதி அனுப்பட்டும். ஒரு எழுத்துக் குறையாமல் இப்பத்திரிகையில் பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.