நம்ம புள்ளைக்கு மட்டும் மொட்டைக் கவரா?

போன வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில அண்ணன் பொண்ணுக்குக் கொலுசு வாங்கினேன். டப்பாவைத் திறந்ததும் பாப்பா கொலுசை விட்டுட்டு, உள்ளே கிடந்த சிலிகா ஜெல் பொட்டலத்தை வாயில வெச்சிட்டா. பிடுங்கிட்டேன். 'டூ நாட் ஈட்'டுனு இங்கிலீஷ்ல பொடி எழுத்து, தமிழ்ல ஒண்ணுமில்ல. விஷமில்லைதான், தொண்டையில அடைச்சா?

கலிபோர்னியா, நியூயார்க்ல மெல்லிசான பெரிய பாலிதீன் பைன்னா மூச்சுத்திணறல் எச்சரிக்கை சட்டப்படி கட்டாயம். அதுக்காக அங்க போற ஸ்கார்ஃப் பையில பயபக்தியோட அச்சடிக்கிறோம், காத்துக்கு ஓட்டையும் போடுறோம். உள்ளூர்க் கடைக்கு? மொட்டைக் கவர்!

கேட்டா, "செலவாகுங்க". ரெண்டு ஓட்டைக்கும் ஒரு வரி தமிழுக்கும் எவ்வளவுங்க ஆகும்? சட்டம் கேட்டாத்தான் புள்ளை உசுரு கண்ணுக்குத் தெரியுமா?

அமெரிக்கப் புள்ளை விடுறதும் மூச்சுதான், நம்ம புள்ளை விடுறதும் மூச்சுதான். என்ன மக்களே, நான் சொல்றது தப்பா?