மெஷினுக்கு முன்னால் புகைபோக்கி



"சேர், காத்தைச் சுத்தமாக்குற மெஷின் தவணைக்குத் தாறாங்களாம். பிள்ளையின் தும்மலுக்கும் முட்டுக்கும் எடுக்கட்டா?" தோட்டத்துப் பெற்றோர் இப்போது எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

மெஷின் பொய் இல்லை. நல்ல ஹெப்பா பில்டர் 0.3 மைக்ரோன் தூசியிலும் 99.97 வீதத்தைப் பிடிக்கும். ஆனால் அது கதவு ஜன்னல் மூடிய அறைக்குச் செய்த சாமான். எங்கள் லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. பக்கத்துக் காம்பரா அடுப்புப் புகையும் எங்கள் பிள்ளையின் தொண்டைக்குத்தான் வருகிறது. வாசலை அடைத்துவிட்டு மெஷினைப் போட்டால் இன்னும் ஆபத்து. விறகுப் புகையோடு வரும் காபனோரொட்சைட்டு அந்த பில்டரில் நிற்காது. ஓசோன் விடும் மலிவு மெஷின் என்றால் முட்டைக் கூட்டத்தான் செய்யும்.

தூசிப்பூச்சி காற்றில் அலைவது குறைவு. மெத்தையிலும் தலையணையிலும் குந்தியிருக்கிறது. உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை 60 பாகைச் சுடுதண்ணீரில் துவைத்தால் சாகும். இரத்தினபுரி, கேகாலை மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழ் சுவரில் பிடிக்கும் பூஞ்சணத்தை எந்த மெஷின் துடைக்கும்?

எங்கள் பிழையும் உண்டு. தொட்டில் பக்கத்தில் நுளம்புச்சுருள், வியாழன் மஃரிபுக்குச் சாம்பிராணி. (சாம்பிராணியைச் சொன்னதற்கு ஏசுவீர்கள், ஏசுங்கள்.) கிளினிக்கில் இலவசமாகத் தரும் பம்ப்பைப் "பழகிப்போகும்" என்று அலுமாரியில் பூட்டுவது அதைவிடப் பெரிய பிழை.

2022இல் கேஸ் இல்லாமல் டவுன்காரர்கள் விறகுக்குத் திரும்பிய நேரம், கண் எரிகிறதென்று நாடே கதைத்தது. லயத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதே புகையில்தான் சமைக்கிறார்கள். அதை யார் கதைத்தார்கள்? 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2015இலிருந்து 2021 வரை குரல் கொடுத்த நாங்கள், ஒரு புகைபோக்கிக்காக ஒரு நாளாவது கேட்டோமா?

தவணைக் காசை வைத்திருங்கள். காம்பராவுக்கு ஒரு புகைபோக்கி, குசினிக்கு ஒரு ஜன்னல், ஒழுகாத கூரை என்று மூன்றையும் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதுவோம். எழுதித்தர நாங்கள் தயார். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலைக்கு வாருங்கள். எந்தக் காம்பரா ஒழுகுகிறது, எந்த அடுப்புக்குப் புகைபோக்கி இல்லை என்று லயம் லயமாக எழுதிக்கொண்டு வாருங்கள்.